எஞ்சின் விடும் மூச்சு

வேகத்துக்கெனச் செய்யப்பட்ட பழைய மோட்டார் சைக்கிள்களைப் போற்றிப் பேணுவோர் உலகின் பல நாடுகளிலும் உளர். இங்கிலாந்தின் நோர்ட்டன், ட்றயம்ப், யப்பானின் ஹொண்டா, கவாசாக்கி, ஜேர்மனியின் பி.எம்.டபிள்யூ., இத்தாலியின் டுக்காட்டி என்னும் பெயர்கள் அவர்களுக்கு மனப்பாடம். இத்தகைய வண்டியொன்றை வாங்கியவர் முதலிற் செய்ய விரும்பும் காரியங்களுள் ஒன்று, எஞ்சினைச் சுற்றி ஓடும் சில றப்பர்க் குழாய்களையும் சிறு வால்வுகளையும் கழற்றி எறிவதாகும். "இவை அரசாங்கம் சுமத்திய சுமை, எஞ்சினின் வலிமையைக் குறைப்பவை" என்பது அவர்கள் கூறும் நியாயம். இக்கூற்றில் ஒரு பகுதி உண்மை, பெரும்பகுதி பிழை. எது உண்மை, எது பிழை என்று பிரித்தறியாமற் கைவைப்பவர் நல்லதோர் எஞ்சினைப் பாழாக்குவதும் உண்டு. பின் டயரில் எண்ணெய் வழிந்து வளைவிற் சறுக்கி உயிருக்கே ஊறு தேடிக்கொள்வதும் உண்டு. ஆதலின், அக்குழாய்கள் அங்கு வந்த காரணத்தை முதலிலிருந்தே அறிந்துகொள்ளுதல் நன்று.

நான்கு வீச்சு எஞ்சினொன்றின் சிலிண்டருக்குள்ளே பிஸ்டன் மேலுங் கீழுமாக ஓடுகின்றது. பிஸ்டனுக்கு மேலேயுள்ள அறையிற் பெற்றோலும் காற்றும் எரிகின்றன. பிஸ்டனுக்குக் கீழே, கிராங்குத் தண்டு சுழலும் பெட்டியொன்று உண்டு. அதுவே கிராங்குப் பெட்டி. மேலே நிகழும் எரிதலைப் பற்றி யாவரும் பேசுவர். கீழேயுள்ள பெட்டியைப் பற்றிச் சிந்திப்பவர் சிலரே. ஆயினும் அங்கும் காற்று உண்டு; அக்காற்றும் ஓயாது அலைக்கழிக்கப்படுகின்றது. பிஸ்டன் கீழே இறங்கும்போது பெட்டியிலுள்ள காற்று அமுக்கப்படுகின்றது. மேலே ஏறும்போது காற்று விரிகின்றது. கொல்லன் பட்டறைத் துருத்தி எவ்வாறு தொழிற்படுகின்றதோ அவ்வாறே கிராங்குப் பெட்டியும் தொழிற்படுகின்றது.

இத்துருத்தியின் ஆற்றலைச் சிறு கணக்கொன்றால் உணரலாம். 1960களின் பிற்பகுதியில் வெளிவந்த நோர்ட்டன் கொமாண்டோ வண்டியின் எஞ்சின் 745 கன சென்ரிமீற்றர் கொள்ளளவு உடையது. அதன் இரு பிஸ்டன்களும் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்குவன. எனவே இறங்கும் ஒவ்வொரு முறையும் 745 கன சென்ரிமீற்றர் இடத்தை அவை கிராங்குப் பெட்டியிலிருந்து பறித்துக்கொள்கின்றன. நிமிடத்துக்கு 6000 சுற்று என்னும் வேகத்திற் கிராங்குத் தண்டு வினாடிக்கு 100 முறை சுற்றும். பெட்டியில் அகலமான துளையொன்று திறந்திருக்குமாயின், வினாடியொன்றுக்கு ஏறக்குறைய 74 லீற்றர் காற்று வெளியே தள்ளப்பட்டு, அவ்வளவும் மீண்டும் உள்ளே இழுக்கப்படும். 200 லீற்றர் பீப்பாயொன்றில் மூன்றிலொரு பங்கிலும் கூடிய அளவு அது. இத்தனை விரைவில் ஓடும் காற்று, பெட்டிக்குள்ளே தெறித்துப் பறக்கும் எண்ணெய்த் துளிகளையும் வாரிக்கொண்டு செல்லும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

எல்லா எஞ்சின்களும் இவ்வகையில் ஒரே தன்மையன அல்ல. பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் எதிரெதிர்ச் சிலிண்டர் எஞ்சினில் இரு பிஸ்டன்களும் ஒருங்கே வெளிநோக்கிச் சென்று ஒருங்கே உள்நோக்கி வருவதால், அதன் கிராங்குப் பெட்டியும் நோர்ட்டனைப் போலவே முழு அளவிலான துருத்தியாகும். 1973இல் வெளிவந்த ஆர் 90 எஸ் என்னும் விரைவு வண்டி இவ்வினத்தது. டுக்காட்டியின் 90 பாகைக் கோணத்து இரட்டை எஞ்சினில் ஒரு பிஸ்டன் மற்றதற்குக் கால் சுற்றுப் பின்தங்கி வருவதால், இந்த ஏற்ற இறக்கம் மொத்தக் கொள்ளளவின் பத்தில் ஏழு பங்கு அளவாகக் குறைகின்றது. 1969இல் வந்த ஹொண்டா சீ.பி. 750 போன்ற நான்கு சிலிண்டர் எஞ்சின்களில் இரு பிஸ்டன்கள் ஏறும்போது இரு பிஸ்டன்கள் இறங்குகின்றன. ஆகவே மொத்த இடத்தின் அளவு பெரும்பாலும் மாறுவதில்லை. காற்று பெட்டிக்குள்ளேயே ஓரறையிலிருந்து மற்றோர் அறைக்குப் பெயர்கின்றது, அவ்வளவே. ஓர் எஞ்சினுக்கு உகந்த மூச்சுக் குழாய் மற்றோர் எஞ்சினுக்கு உகவாது என்பதன் காரணம் இதுவே.

துருத்தி இயல்பு குறைந்த எஞ்சினுக்கும் மூச்சுக் குழாய் வேண்டியதாகும். பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் எவ்வளவு செம்மையாகப் பொருந்தியிருப்பினும், எரிதலின் பேரழுத்தத்தில் ஒரு சிறு பங்கு வாயு அவற்றைக் கடந்து கீழே நழுவிவிடும். இக்கசிவு வாயுவில் எரிந்த புகையும், எரியாத பெற்றோலும், நீராவியும் கலந்திருக்கும். ஒரு லீற்றர் பெற்றோல் எரியுமாயின் ஏறக்குறைய ஒரு லீற்றர் நீர் உண்டாகின்றது என்னும் இரசாயன உண்மையைக் கேட்போர் வியப்படைவர். அந்நீரிற் பெரும்பகுதி புகைக்குழாய் வழியே ஆவியாகப் போய்விடுகின்றது. கசிவு வாயுவோடு கீழிறங்கும் சிறுபகுதி, எஞ்சின் நன்கு சூடேறாத குறும்பயணங்களில், குளிர்ந்த உலோகச் சுவரிற் படிந்து எண்ணெயோடு கலந்து தயிர்போன்ற வெண்களியாக மாறும். எரிதலிற் பிறந்த ஒட்சைட்டுகளும் அந்நீரிற் கரைந்து அமிலமாகும். இவ்வமிலமும் களியும் தாங்கிகளையும் தண்டுகளையும் மெல்ல அரிப்பன. எனவே இவ்வாயுவை வெளியேற்றுவது எஞ்சினின் ஆயுளுக்கே இன்றியமையாதது. அரசாங்கச் சட்டம் எதுவும் பிறப்பதற்கு முன்பே மூச்சுக் குழாய் பிறந்துவிட்டது என்பதை ஈண்டு மனங்கொள்ளவேண்டும்.

அக்காலத்து ஆங்கிலேய எஞ்சின் வல்லுநர் இதற்கு நுட்பமான வழிகளைக் கண்டனர். நோர்ட்டன், ட்றயம்ப் இரட்டை எஞ்சின்கள் பலவற்றில், வால்வுகளை இயக்கும் தண்டின் முனையிலே துளையிட்ட சிறு தட்டொன்று சுழன்றது. பிஸ்டன் இறங்கும்போது துளை திறந்து காற்று வெளியேறும். ஏறும்போது துளை மூடிக்கொள்ளும். இதனால் ஒருமுறை போன காற்று திரும்பி வாராது. கிராங்குப் பெட்டியின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்திலும் சற்றுக் குறைந்தே நிற்கும். அழுத்தம் உள்ளே குறைவாயின், எண்ணெய் பொருத்துவாய்களின் வழியே வெளியே கசிய முயலாது. 1970ஆம் ஆண்டு வண்டிகளில் ட்றயம்ப் நிறுவனம் தன் 650 எஞ்சினுக்கு வேறொரு முறையைக் கைக்கொண்டது. கிராங்குப் பெட்டியிலிருந்து முதன்மைச் சங்கிலிப் பெட்டிக்குச் சிறு துளைகள் இடப்பட்டன. வாயு அவ்வகன்ற பெட்டிக்குட் புகுந்து வேகந் தணிந்து, எண்ணெய்த் துளிகளை அங்கேயே விட்டுவிட்டு, பருத்த குழாயொன்றின் வழியே வெளியேறியது. எனினும் எம்முறையாயினும், குழாயின் கடைசி முனை திறந்த வெளியிலேயே முடிந்தது. எஞ்சியது எதுவோ அது வீதிக்கும் வானத்துக்கும் உரியதாயிற்று.

இவ்வழக்கத்துக்கு முடிவு கட்டிய நிகழ்ச்சிகள் இங்கிலாந்திலோ யப்பானிலோ தொடங்கவில்லை. கலிபோர்ணியாவிலுள்ள லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் தொடங்கின. 1943ஆம் ஆண்டளவில் அந்நகரைக் கண்ணெரிக்கும் புகைப்படலமொன்று மூடலாயிற்று. அதன் காரணத்தை 1950களின் தொடக்கத்தில் ஆராய்ந்து கண்டவர் ஒல்லாந்து நாட்டிற் பிறந்த ஆரி ஹாகன் ஸ்மிட் என்னும் இரசாயனப் பேராசிரியர். அன்னாசிப் பழத்தின் மணத்துக்குக் காரணமான பொருள்களைக் காற்றிலிருந்து பிரித்தெடுக்கும் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த அவர், அதே முறையால் நகரத்துக் காற்றைக் குளிரவைத்து அதிலுள்ள மாசைப் பிரித்தெடுத்தார். எரியாத பெற்றோலாகிய ஐதரோகாபனும், நைதரசன் ஒட்சைட்டும் வெயிலிலே ஒன்றோடொன்று தாக்குற்று ஓசோனையும் கண்ணெரிக்கும் பிற பொருள்களையும் உண்டாக்குகின்றன என்று அவர் நிறுவினார். அம்மாசின் பெரும்பகுதி மோட்டார் வாகனங்களிலிருந்தே வந்தது. கட்டுப்பாடு எதுவுமற்ற மோட்டார் காரொன்று வெளிவிடும் ஐதரோகாபனில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு, புகைக்குழாயிலிருந்து அன்று, கிராங்குப் பெட்டியின் மூச்சுக் குழாயிலிருந்தே வந்தது என்பதும் தெரியலாயிற்று.

நோய் இன்னதென்று தெரிந்தபின் மருந்து எளிதாயிற்று. மூச்சுக் குழாயின் முனையை வீதியிலிருந்து எடுத்து, எஞ்சின் காற்றை இழுக்கும் வாயிலிற் பொருத்திவிட்டால், கசிவு வாயு மீண்டும் சிலிண்டருக்குட் சென்று எரிந்துவிடும். 1961ஆம் ஆண்டு வகைக் கார்களிற் கலிபோர்ணியாவிலும், 1963ஆம் ஆண்டு வகைகளில் அமெரிக்கா எங்கணும் இவ்வமைப்பு வந்தது. மோட்டார் சைக்கிள்களின் முறை சிறிது காலந் தாழ்த்தே வந்தது. 1978ஆம் ஆண்டு வகைகளுக்கு அமெரிக்க மத்திய அரசாங்கம் முதல் வரம்பை விதித்தது. 1980இல் அவ்வரம்பு இறுகி, கிலோமீற்றருக்கு ஐதரோகாபன் 5 கிராம், காபனோரொட்சைட்டு 12 கிராம் என நின்றது. கிராங்குப் பெட்டியின் வாயு வெளிக்காற்றிற் சேரவே கூடாது என்றும் விதிக்கப்பட்டது. 2010ஆம் ஆண்டளவிற் பெரிய வண்டிகளுக்கு ஐதரோகாபனும் நைதரசன் ஒட்சைட்டும் சேர்ந்து 0.8 கிராமுக்கு மேற்படலாகாது என்னும் நிலை வந்ததை நோக்க, 1980இன் வரம்பு கடுமையானதன்று. எனினும் ஒரு தலைமுறை எஞ்சின்களின் தோற்றத்தையே அது மாற்றிவிட்டது.

அவ்வாறு வந்து சேர்ந்த கருவிகள் நான்கு. முதலாவது, கிராங்குப் பெட்டியிலிருந்து காற்றுப் பெட்டிக்குச் செல்லும் குழாய். இரண்டாவது, துணைக் காற்று அமைப்பு. புகைக்குழாயில் வாயு ஒரே சீராக ஓடுவதில்லை. ஒவ்வொரு வெடிப்புக்கும் ஓர் அலையாக ஓடுகின்றது. இரு அலைகளுக்கிடையே கணநேரம் அழுத்தம் தாழும்போது, மெல்லிய தகடாலான நாக்கு வால்வு திறந்து புதுக்காற்றை உள்ளே விடும். அழுத்தம் உயர்ந்ததும் அது தானே மூடிக்கொள்ளும். அக்காற்றிலுள்ள ஒட்சிசன், சூடான புகையில் எஞ்சியுள்ள பெற்றோலையும் காபனோரொட்சைட்டையும் எரித்துவிடும். மூன்றாவது, காபரேற்றரின் மந்த ஓட்டத் திருகாணியை யாருந் தொடாவண்ணம் அடைத்துவைத்த உலோக மூடி. பெற்றோலைக் குறைத்து, காற்றைக் கூட்டி அமைத்த கலவையை எவரும் மாற்றலாகாது என்பதே அதன் நோக்கம். நான்காவது, கலிபோர்ணியாவில் விற்கப்பட்ட வண்டிகளிற் காணப்படும் கரிக்கலம். பெற்றோல் தாங்கியில் எழும் ஆவியை அக்கரி பிடித்துவைத்து, எஞ்சின் ஓடும்போது விட்டுக்கொடுக்கும்.

இந்நான்கினுள் வண்டி உரிமையாளரின் குற்றச்சாட்டுக்கு நியாயம் உள்ளது மூன்றாவதற்கே. மிக மெலிந்த கலவையால் எஞ்சின் குளிரில் இடறும், கைப்பிடியைச் சிறிது திறந்தவுடன் தயங்கும், சூடும் மிகும். இது உண்மையான குறையே. ஆனால் அக்குறைக்குக் காரணமற்ற துணைக் காற்று அமைப்பின்மீதும் பழி சுமத்தப்படுகின்றது. துணைக் காற்று, வெளியேற்று வால்வுக்கு அப்பாலே, வேலை முடித்து வெளியேறிவிட்ட புகையோடு சேர்கின்றது. சிலிண்டருக்குள் நிகழும் எரிதலை அது தொடுவதேயில்லை. ஆகவே அதை நீக்குவதால் வலிமை கூடும் என்பது வீண் நம்பிக்கை. கைப்பிடியை மூடும்போது சைலன்சரிலே பட்டாசுபோல் வெடிக்கும் ஓசைக்கு அவ்வமைப்பே காரணம் என்பர். இதிலும் முழு உண்மை இல்லை. கைப்பிடி மூடியவுடன் துணைக் காற்றை நிறுத்துவதற்கென்றே சவ்வு பொருந்திய வால்வொன்று அதில் உண்டு. வெடியோசை பலமாக எழுமாயின், பல ஆண்டு சென்று அச்சவ்வு கிழிந்திருக்கலாம். அல்லது புகைக்குழாய்ப் பொருத்தில் ஓட்டை இருக்கலாம். சவ்வை மாற்றவேண்டிய இடத்தில் அமைப்பையே அறுத்தெறிவது, பல்வலிக்குத் தலையை வாங்குவது போன்றது. கலவையைச் சோதிப்பதற்குப் புகைக்குழாயில் ஒட்சிசன் அளவுகருவி பொருத்துமிடத்து மாத்திரம் அதைச் சிறிதுநேரம் அடைத்துவைத்தல் வேண்டும். இல்லையேல் வெளியிலிருந்து புகுந்த காற்று, கலவை மெலிந்திருப்பதாகப் பொய் காட்டும்.

எனினும் இவற்றையெல்லாம் நீக்கியே தீர்வது என்று துணிந்தவர் செய்யும் பிழைகள் மேலும் அபாயமானவை. உறிஞ்சு குழாயிலிருந்து சவ்வு வால்வுக்குச் செல்லும் சிறுகுழாயைக் கழற்றியபின் அதன் வாயை அடைக்க மறந்தால், அவ்வழியே காற்று புகுந்து ஒரு சிலிண்டரின் கலவை மட்டும் மெலியும். அந்தப் பிஸ்டன் சூட்டினால் உருகவுங் கூடும். கரிக்கலத்தை நீக்குவோர், தாங்கியின் காற்று வழியையும் சேர்த்து அடைத்துவிட்டால், பெற்றோல் இறங்காது எஞ்சின் நடுவீதியில் நின்றுவிடும். காற்றுப் பெட்டியை அகற்றி, காபரேற்றர் ஒவ்வொன்றுக்கும் தனி வடிகட்டி மாட்டுவோர், மூச்சுக் குழாய் சென்று சேரும் இடத்தையே இல்லாமற் செய்துவிடுகின்றனர். வெற்றிடத்தால் உயரும் வழுக்கியையுடைய காபரேற்றர்கள் காற்றுப் பெட்டியின் அமைதியை நம்பி அமைக்கப்பட்டவை. அது போனபின் அவை ஒழுங்காகத் தொழிற்படச் செய்வது அரிது.

எல்லாவற்றிலும் பெரும் பிழை மூச்சுக் குழாயையே அடைத்துவிடுவது. மூடியை இறுக்கிக் கட்டிய உலைப்பானையின் கதி யாதோ அதுவே அவ்வெஞ்சினின் கதியும். கசிவு வாயு வெளியேற வழியின்றி அழுத்தம் ஏறும். முதலில் எண்ணெய்ச் சீல்கள் வெளித்தள்ளப்படும். எண்ணெய் எஞ்சினின் அடிவழியே ஓடிப் பின் டயரை அடையும். மோட்டார் கார் சறுக்கினாலும் நான்கு சக்கரத்தில் நிற்கும்; மோட்டார் சைக்கிளுக்கு அவ்வாய்ப்பு இல்லை. பந்தயத் திடல்களில் மூச்சுக் குழாயின் முனையை ஏந்து கலமொன்றிலோ காற்றுப் பெட்டியிலோ விடவேண்டும் என்று விதிகள் வற்புறுத்துவது இதனாலேயே. ஒருவர் சிந்திய எண்ணெயில் அவருக்குப் பின்னால் வருபவர் விழுவார் என்பதை அத்திடலார் கண்டு அறிந்தவர்கள்.

பந்தய எஞ்சினுக்கு ஏந்து கலம் பொருத்துவதற்கு வேறொரு நியாயமும் உண்டு. உயர்ந்த வேகத்தில் ஓயாது ஓடும் எஞ்சின் மிகுந்த எண்ணெய்ப் புகையை விடும். அது காற்றுப் பெட்டிக்குட் சென்று பெற்றோலோடு கலந்தால், எரிபொருளின் தட்டலைத் தாங்கும் ஆற்றல் குறைந்து, எஞ்சின் தட்டத் தொடங்கும். கலத்திலே எண்ணெயைப் பிரித்து நிறுத்தினால் இத்தீங்கு இல்லை. ஆனால் அக்கலத்துக்கும் ஒரு காற்று வழி இருத்தல் வேண்டும்; ஓட்டம் முடிந்ததும் அதை வெறுமையாக்கவும் வேண்டும். துருத்தி இயல்பு மிக்க ஆங்கிலேய இரட்டை எஞ்சின்களுக்கு, குழாயின் வழியிலே நாக்கு வால்வொன்றைப் பொருத்துவது உண்மையில் நற்பயன் தரும் மாற்றமாகும். கிராங்குப் பெட்டியில் அழுத்தம் தாழ்வதால் எண்ணெய்க் கசிவு குறையும். தடித்த காற்றை அமுக்கிப் பிஸ்டன் வீணாக்கும் வலிமையும் மீளும். வால்வு கிராங்குப் பெட்டிக்கு அண்மையில் இருத்தல் நன்று. தூரத்தில் இருப்பின் இடையிலுள்ள குழாயின் காற்றே துருத்தியின் பகுதியாகிவிடும்.

குழாயில் எண்ணெய் மிகுதியாக வருவதைக் கண்டவுடன் குழாயை மாற்றுவதிலும், எஞ்சினைச் சோதிப்பது முதற்கடமை. எண்ணெய் அளவுக்கு மேல் ஊற்றப்பட்டதா என்று பார்க்கவேண்டும். நோர்ட்டன் போன்று தனி எண்ணெய்த் தாங்கியுள்ள வண்டிகள் பலநாள் நிறுத்திவைக்கப்பட்டால், எண்ணெய் மெல்லக் கிராங்குப் பெட்டிக்குள் இறங்கி நிறையும்; எஞ்சினை இயக்கியதும் அது மூச்சுக் குழாய் வழியே பீறிடும். இதைத் தடுக்க எண்ணெய் வழியில் அடைப்புக் குழாயொன்று பொருத்துவோர் உளர். அதைத் திறக்க ஒருமுறை மறந்தால் எஞ்சின் எண்ணெயின்றி ஓடிச் சில நிமிடங்களில் அழிந்துவிடும். இவையெதுவும் காரணமன்றாயின், வால்வுகள் மூடிய நிலையிற் சிலிண்டருக்குள் அமுக்கிய காற்றைச் செலுத்திக் காதுகொடுத்துக் கேட்கவேண்டும். சீறும் ஓசை காபரேற்றரில் எழுமாயின் உட்கொள் வால்விலும், சைலன்சரில் எழுமாயின் வெளியேற்று வால்விலும், மூச்சுக் குழாயில் எழுமாயின் பிஸ்டன் வளையத்திலும் தேய்வு உண்டு. வைத்தியன் நாடி பார்ப்பதுபோல் மூச்சுக் குழாயைக் கொண்டு எஞ்சினின் உடல்நிலையை அறியலாம்.

சட்டத்தின் நிலையையும் கருதவேண்டும். அமெரிக்காவில் 1978க்கு முன் செய்யப்பட்ட வண்டிக்கு மத்திய அரசாங்கத்தின் இக்கருவிகள் எவையும் விதிக்கப்படவில்லை. அதன் உரிமையாளர் மூச்சுக் குழாயைத் திருத்துவது அவருடைய விருப்பம். அதன்பின் கருவிகளோடு வெளிவந்த வண்டிகளின் நிலை வேறு. 1970ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம் 1990இல் திருத்தப்பட்டபோது, அக்கருவிகளை நீக்குதல் தனிமனிதருக்கும் தடைசெய்யப்பட்டது. ஓரிரு பழைய வண்டிகள் விடும் புகையால் வானம் கெட்டுவிடாது என்று வாதிப்போர், லொஸ் ஏஞ்சலிஸ் நகரை மூடிய புகையும் தனித்தனி வண்டிகளிலிருந்தே வந்தது என்பதை எண்ணவேண்டும்.

பழைய எஞ்சினைப் பேணுவோர்க்கு இவற்றால் விளங்கும் முறைமை எளிது. தேய்ந்த வளையத்தையும் கிழிந்த சவ்வையும் வெடித்த றப்பர்க் குழாயையும் முதலில் மாற்றுக. கலவையைச் சீர்செய்க. மூச்சுக் குழாயை ஒருபோதும் அடையாதிருக்க. அதன் வழி வளைந்து தாழ்ந்து நீர் தேங்காது, காற்றுப் பெட்டியை நோக்கிச் சீராக ஏறுமாறு அமைக்க. மாற்றம் ஏதேனும் செய்வதாயின், கழற்றிய உறுப்பைப் பெயரிட்டுப் பத்திரமாக வைக்க. வண்டி அடுத்தவர் கைக்குச் செல்லும்போது அதுவும் உடன் செல்லட்டும். எஞ்சினுள் எவ்வுறுப்பையும் அதன் தொழில் தெரியுமுன் வேண்டாததென்று தீர்மானித்தல் கூடாது.